ஐம்பது அடியும் ஐந்து மணித்தியாலமும்: வலிகாமத்து ஒழுங்கையில் ஒரு ட்ரேசர் சோதனை

நிலாவரைக் கிணற்றுக்குள் எலுமிச்சம்பழம் போட்டால் அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்று எங்கள் ஆச்சி சொல்லுவா. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அநேகருக்கு இந்தக் கதையைச் சொல்ல ஒரு ஆச்சி இருந்திருப்பா. இரண்டுக்கும் இடையில் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் தூரம். பழத்தைப் போட்டது யார், அங்கே எடுத்தது யார், இரண்டும் ஒரே பழந்தான் என்று எப்படித் தெரியும் என்று சின்ன வயதில் கேட்டு வாங்கிக் கட்டியிருக்கிறேன். பிறகு நியூசிலாந்தில் ஒரு புவிவெப்ப வயலின் வேதியியல் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே வருடக்கணக்காக நான் செய்தது இதே கேள்விகளைச் சம்பளத்துக்குக் கேட்டதுதான்.

இந்த ஆய்வு நிலாவரையைப் பற்றியதல்ல. சுன்னாகத்துக்கு வடக்கே ஓர் ஒழுங்கையில் இருக்கிற என் சித்தப்பாவின் கிணற்றைப் பற்றியது.

முறைப்பாடு

கிணறு பழையது. குறுக்களவு 3 மீற்றர், கல் கட்டு. துலா எப்போதோ போய் வோட்டர் பம் வந்துவிட்டது. பக்கத்து வளவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மேல்மாடி கட்டியபோது புதிதாக ஒரு மலகூடக் குழியும் வெட்டினார். அந்த மாரி முடிந்ததும் சித்தப்பாவின் கிணற்றுத் தண்ணீர் மணக்கத் தொடங்கியது. பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். நைத்திரேற்று லீற்றருக்கு 68 மில்லிகிராம், மலத்தில் இருந்து வருகிற ஈ.கோலை கிருமி உண்டு என்று அறிக்கை வந்தது. நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 50.

பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நாடா பிடித்து அளந்தார். மாஸ்டரின் குழிக்கும் கிணற்றுக்கும் 17 மீற்றர், அதாவது 56 அடி. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடி இருக்கவேண்டும் என்பது ஊரில் எல்லாரும் சொல்லும் கணக்கு. கணக்குச் சரி, ஆகவே பிழை ஒன்றும் இல்லை என்று அவர் போய்விட்டார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரிடம் இருந்த ஒரே கருவி நாடா.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஒன்றரை வருடம். கோவில் திருவிழாவில்கூட வேறு வேறு பக்கம் நின்று கும்பிட்டார்கள். நான் மார்கழிக் கடைசியில் விடுமுறைக்குப் போய் இறங்கியபோது சித்தப்பா சொன்ன முதல் வசனம்: "தம்பி, நீர் தண்ணி படிச்சனீர்தானே. உவன்ர குழிதான் எண்டு ஒரு கடதாசியில எழுதித் தாரும்."

எழுதித் தர முடியாது, பார்த்துச் சொல்லலாம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

நாடா ஏன் போதாது

மண்ணிலோ மணலிலோ என்றால் தூரத்துக்கு அர்த்தம் உண்டு. தண்ணீர் மணல்மணிகளுக்கு இடையால் நுழைந்து மெதுவாகப் போகும். போகிற வழியில் மண் அதை வடிக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருந்து காபனீரொட்சைட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லிய அமிலமாக இறங்கி, கோடிக்கணக்கான மாரிகளாக அந்தக் கல்லை அரித்திருக்கிறது. மேலே ஒன்றிரண்டு அடி செம்மண், கீழே வெடிப்பு, துளை, குகை. ஆறென்று சொல்ல மழைக்கு ஓடும் வழுக்கை ஆறு ஒன்றுதான். மற்ற ஆறுகள் எல்லாம் நிலத்துக்குக் கீழே. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் வருகிறதே, அது அப்படி ஓர் ஆற்றின் வாய் என்று நினைத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட கல்லில் 10 அடி தள்ளி இருக்கிற குழி ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், 300 அடி தள்ளி இருப்பது நேரே வந்து கொட்டலாம். எந்த வெடிப்பு எதோடு சேர்கிறது என்பதுதான் விஷயம். அதை வெளியில் நின்று பார்க்க முடியாது. எதையாவது கலந்துவிட்டு எங்கே வருகிறது என்று காத்திருக்கவேண்டும்.

இதை முதலில் ஒழுங்காகச் செய்தவர்களும் தண்ணீர்ச் சண்டைக்காரர்கள்தான். தென்ஜெர்மனியில் டான்யூப் ஆறு ஓரிடத்தில் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி மறைந்துவிடும். சுமார் 12 கிலோமீற்றர் தள்ளி ஆக் என்ற ஊற்று பொங்கும். இரண்டும் ஒரே தண்ணீரா? டான்யூப் கரை ஆலைக்காரருக்கும் ஆக் கரை ஆலைக்காரருக்கும் வழக்கு. 1877இல் பேராசிரியர் அடொல்ஃப் க்னொப் மறைகிற இடத்தில் 10 கிலோ ஃபுளோரசீன் சாயத்தைக் கரைத்துவிட்டார். ஏறக்குறைய 60 மணித்தியாலத்தில் ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. ஃபுளோரசீன் கண்டுபிடிக்கப்பட்டே அப்போது ஆறு வருடந்தான். ஆச்சியின் எலுமிச்சம்பழக் கதைக்கும் இதற்கும் தூரம்கூட ஏறக்குறைய ஒன்று. ஆனால் எலுமிச்சம்பழம் மிதக்கும், தண்ணீர் மிதக்காது. பழம் இடையில் எங்காவது சிக்கினால் தண்ணீர் போகவில்லை என்று ஆகாது. எவ்வளவு வந்தது என்றும் பழத்தால் சொல்ல முடியாது. முழுப்பழம் வரும், அல்லது வராது. சாயத்தின் பெருமை, அதை அளக்கலாம் என்பதில் இருக்கிறது.

வெந்நீர் வயலில் கற்ற பாடம்

ட்ரேசர் என்பது தண்ணீரோடு தண்ணீராகப் போய், போன வழியைக் காட்டிக்கொடுக்கும் பொருள். புவிவெப்ப வயலில் இது இல்லாமல் வேலை நடக்காது. காரணம் எளிது. ஆழத்தில் இருந்து வெந்நீரை எடுத்து, சூட்டை மின்சாரமாக்கி, ஆறிய தண்ணீரை வேறு கிணற்றால் திரும்ப உள்ளே விடுகிறார்கள். மிகக் கிட்ட விட்டால் அது நேரே ஓடிவந்து வெந்நீரைக் குளிர்த்துவிடும். மிகத் தூர விட்டால் உள்ளே அழுத்தம் விழும். எங்கே விடுவது? பிலிப்பைன்சின் பலின்பினோன் வயலில் திரும்ப விட்ட உப்புநீர் சீக்கிரமே உற்பத்திக் கிணறுகளில் தலைகாட்டியதால் விடுகிற இடத்தைத் தள்ளி மாற்றவேண்டி வந்தது.

ஒரு நல்ல ட்ரேசர் அந்த நிலத்தில் ஏற்கெனவே இருக்கக்கூடாது, கல்லில் ஒட்டக்கூடாது, சூட்டில் சிதையக்கூடாது, கடுகளவில் கலந்தாலும் பிடிபடவேண்டும். 1958இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய நியூசிலாந்தின் வைராகெய் வயலில் கதிர்வீச்சு அயடின் 131 போட்டுப் பார்த்தார்கள். அதன் அரைவாழ்வு 8 நாள், ஆகவே மெதுவாக வருகிற தண்ணீருக்கு உதவாது. ஃபுளோரசீன் 250 பாகை வரை தாக்குப்பிடிக்கும். அதற்கு மேலே நப்தலீன் சல்ஃபோனேட் வகைகள். அலமாரியில் போடுகிற பூச்சி உருண்டையின் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் பல வகை உண்டு என்பதுதான் வசதி. ஒவ்வொரு விடுகிணற்றிலும் ஒவ்வொரு வகையைப் போட்டால், இந்தப் பக்கம் வந்தது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று பிரித்துச் சொல்லலாம். தண்ணீராக இல்லாமல் நீராவியாகவே வருகிற கலிபோர்னியாவின் கீசர்ஸ் வயலில் இவை ஆவியோடு போகா. அங்கே கார் ஏசியில் இருக்கிற ஆர்-134ஏ வாயுவையே ட்ரேசர் ஆக்கினார்கள். அந்த வயலுக்குள் 2003 முதல் பக்கத்து சாண்டா ரோசா நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீரையும் விடுகிறார்கள். கழிவுநீர் நிலத்துக்குக் கீழே எங்கே போகிறது என்ற கேள்வி அங்கேயும் அதேதான்!

எங்களுக்கு வெந்நீர் என்றால் திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற கன்னியா ஊற்றுகள். எரிமலை இல்லாமலே ஆழமான வெடிப்புக்குள் இறங்கிய மழைநீர் சூடாகித் திரும்பி வருகிறது. யாழ்ப்பாணத்தில் அந்தச் சூடு இல்லை. வெடிப்பு மட்டும் இருக்கிறது, அது போதும்.

பஞ்சும் கள்ளநோட்டு லைற்றும்

எதையும் குழிக்குள் போடுவதற்கு முன்னர் ஏற்கெனவே தண்ணீரில் இருக்கிற ட்ரேசரைப் பார்க்கவேண்டும். சவர்க்காரத் தூளில் துணியை வெள்ளையாகக் காட்ட ஒரு பொருள் கலப்பார்கள். அது ஊதாக்கடந்த ஒளியில் நீலமாக ஒளிரும், பருத்தியில் ஒட்டிக்கொள்ளும். இயற்கைத் தண்ணீரில் அது இராது. ஒரு கிணற்றில் இருந்தால் யாருடையதோ குளியலறைத் தண்ணீர் வந்து சேருகிறது என்று அர்த்தம்.

பாமசியில் இரண்டு வகைப் பஞ்சு வாங்கினேன். ஒன்று பைக்கற்றில் இருந்தபடியே ஒளிர்ந்தது, அதைத் தள்ளி வைத்தேன். மற்றதைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, வெங்காயம் வருகிற வலைப்பையை வெட்டி அதற்குள் போட்டு, கல்லுக் கட்டி நைலோன் கயிற்றில் நான்கு கிணற்றிலும் இறக்கினோம். சித்தப்பாவின் கிணறு, மாஸ்டரின் கிணறு, மாஸ்டர் வளவுக்கு வடகிழக்கே ஒரு வெங்காயத் தோட்டத்துக் கிணறு, கோவில் கிணறு. ஐந்து நாள் கழித்து எடுத்து அலசி, இருட்டறையில் கள்ளநோட்டுப் பார்க்கிற லைற்றைப் பிடித்தோம். லைற் சுன்னாகச் சந்தியில் ஒரு கடையில் இரவல்.

கோவில் கிணற்றுப் பஞ்சு செத்த வெள்ளை. தோட்டத்துப் பஞ்சு ஒரு மங்கல். சித்தப்பாவினதும் மாஸ்டரினதும் நல்ல நீலம்.

சித்தப்பாவின் மகள், எனக்குத் தங்கச்சி, உயர்தரத்தில் கணிதப் பிரிவு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: "மாஸ்டரின்ர குழிதான் பிழையெண்டா, அவர் தன்ர கிணத்துக்கும் சேர்த்தா விடுறார்?"

நான் அப்போதுதான் வீட்டின் மற்றப் பக்கம் போய்ப் பார்த்தேன். சித்தப்பாவின் சொந்தக் குழி அங்கே இருந்தது. எண்பதுகளில் வெட்டியது, கிணற்றில் இருந்து 31 மீற்றர், ஐம்பது அடி விதியை இரண்டு தரம் தாண்டியது. ஆகவே அதைப் பற்றி யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐந்து கிராம்

இயற்கையாக இருக்கும் ட்ரேசர் என்ன வகைத் தண்ணீர் என்று சொல்லும், யாருடையது என்று சொல்லாது. அதற்குப் போட்டுத்தான் பார்க்கவேண்டும். எதைப் போடுவது?

உப்பு மலிவு. ஆனால் யாழ்ப்பாணத்துக் கிணற்றில் உப்பைத் தேடுவது சந்தையில் ஒரு குரலைத் தேடுவது போல. கடல்மட்டத்தோடு ஏறி இறங்கும் தண்ணீரில் உப்பளவு தினமும் தானாகவே ஆடுகிறது. கணக்குப் பார்த்தேன். கிணற்றில் 2.5 மீற்றர் தண்ணீர் நின்றது, ஏறக்குறைய 17,700 லீற்றர். 10 கிலோ உப்பைக் குழிக்குள் கொட்டி அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு கிணற்றுக்கு வந்தால், லீற்றருக்கு 11 மில்லிகிராம் கூடும். தினசரி ஆட்டத்துக்குள் அது காணாமல் போய்விடும்.

ரோடமின் என்ற சிவப்புச் சாயமும் உண்டு. நைத்திரைற்று இருக்கிற கழிவுநீரில் அது புற்றுநோய் தரக்கூடிய நைத்திரோசமைன் ஆகலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. மலகூடக் குழிக்குள் அதைப் போட என் மனம் ஒப்பவில்லை. மிச்சம் ஃபுளோரசீன். கண் கிளினிக்கில் கண்ணுக்குள் ஒரு செம்மஞ்சள் தாளைத் தொட்டு எடுப்பார்களே, அதே சாயம். இரண்டு குழிக்கும் ஒரே சாயம் என்பதால் ஒரே நாளில் செய்ய முடியாது. முதலில் மாஸ்டரின் குழி, 12 நாள் காத்திருப்பு, பிறகு சித்தப்பாவின் குழி.

அளவு? 5 கிராம் முழுவதும் சித்தப்பாவின் கிணற்றுக்கே வந்துவிட்டால் லீற்றருக்கு 280 மைக்ரோகிராம், கிணறு பச்சையாகிவிடும். சுன்னாகத்துக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கக் கண்ட ஊர் இது. வண்ணம் மாறிய தண்ணீரைக் கண்டால் சனம் பயப்படும், பயப்படுவதில் நியாயமும் உண்டு. நூற்றுக்கு இரண்டு வந்தால் 5.6 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியாது, என்னிடம் இருந்த பழைய கையடக்க ஒளிர்வுமானிக்கு நன்றாகத் தெரியும். ஆகவே 5 கிராம். நகைக்கடைத் தராசில் நிறுத்தோம். செங்கல் தூள் போல இருக்கும், தேக்கரண்டியில் அள்ளுகிற அளவுதான். நகைக்கடைக்காரர் குங்குமமா என்று கேட்டார்.

பி.எச்.ஐ.க்குச் சொன்னோம். நான்கு கிணற்றுக்காரருக்கும் சொன்னோம். சோதனை முடியும்வரை குடிக்க பவுசர் (தாங்கி லொறி) தண்ணீர். மாஸ்டரிடம் நானே போனேன். படலையைத் திறக்காமல் நின்று கேட்டார். பிறகு, "என்ர குழிக்குள்ள போடுறது பிரச்சினையில்லை. உம்மட சித்தப்பாவின்ரைக்கும் போடுவீரோ?" என்றார். போடுவேன் என்றேன். படலையைத் திறந்தார்.

முதல் சோதனையும் என் முட்டாள்தனமும்

மாலை 6 மணிக்கு மாஸ்டரின் குழிக்குள் சாயத்தை விட்டு, நான்கு பீப்பாய் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். சித்தப்பாவின் கிணற்றிலும் தோட்டக் கிணற்றிலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மாதிரி. இரவு முறை தங்கச்சிக்கும் எனக்கும்.

ஃபுளோரசீன் வெயிலில் வெளுக்கும், ஒரு நாள் வெயிலே போதும். ஆய்வுகூடத்தில் புதியவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லும் விஷயம் இதுதான். அப்படியிருக்க, அன்றைய போத்தல்களை எல்லாம் விறாந்தை மேசையில் கறுப்புப் பொலித்தீன் சுற்றாமல் வைத்துவிட்டு யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போனேன். திரும்பி வந்தபோது பின்னேரம் 4 மணி. மேசையில் நல்ல வெயில். முதல் 22 மணித்தியாலத்து மாதிரிகள் முழுக்கப் பழுது.

நல்ல காலம், கிணறு ஒரு தொட்டி மாதிரி. உள்ளே வந்த சாயம் உடனே போய்விடாது, சில நாள் நிற்கும். அதோடு ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு கரிப் பொட்டலமும் தொங்கியது. மீன்தொட்டிக் கடையில் விற்கிற தூண்டிய கரி. கடந்து போகிற சாயத்தை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு காரம் கலந்த மதுசாரத்தில் ஊறவைத்தால் திருப்பித் தரும். நான் மறந்ததைக் கரி மறக்கவில்லை.

சித்தப்பாவின் கிணற்றில் மாதிரி எடுத்த ஒன்பது நாளும் ஒன்றும் இல்லை. கரியிலும் இல்லை. மாஸ்டரின் குழி 17 மீற்றர் தள்ளி இருந்தும் அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்கவே இல்லை.

சாயம் வந்தது 74 மீற்றர் தள்ளி இருந்த தோட்டக் கிணற்றில். கெடாத மாதிரிகளில் முதலில் தெரிந்தது 31ஆவது மணித்தியாலம், அதற்கு முன்னரே வந்திருந்தால் அது வெயிலோடு போயிற்று. உச்சம் 52ஆவது மணித்தியாலத்தில், லீற்றருக்கு 3.1 மைக்ரோகிராம். பிறகு நீண்ட வால், ஒரு கிழமைக்கு மெல்ல மெல்ல இறங்கியது. ஏன் அங்கே? வெங்காயத்துக்கு ஒவ்வொரு காலையும் நான்கு மணித்தியாலம் பம் ஓடுகிறது. நாளுக்கு ஏறக்குறைய 50 கன மீற்றர். அந்த இறைப்பு சுற்றியுள்ள வெடிப்புத் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது. புவிவெப்ப வயலில் உற்பத்திக் கிணறு செய்வதும் இதுதான். வரைபடத்தில் தூரம் பார்க்கிறவர்கள் பம்மை மறந்துவிடுகிறார்கள்.

அதிகாலை 5 மணி

இரண்டாவது சோதனைக்கு முன்னர் எல்லாக் கிணற்றிலும் சாயம் ஏற்கெனவே இருக்கிறதா என்று மறுபடி அளந்தோம். தோட்டக் கிணற்றில் மட்டும் பழைய வாலின் துளி இருந்தது. சரி என்று அதே மாலை 6 மணி, அதே 5 கிராம், சித்தப்பாவின் குழி. சித்தப்பா விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார், கிட்ட வரவில்லை.

இரவு 9 மணிக்கு ஒன்றும் இல்லை. 11 மணிக்குத் தங்கச்சி கொண்டு வந்த போத்தலை மானியில் வைத்தேன். எண் துள்ளியது. போத்தல் அழுக்காக இருக்கும் என்று மூன்று தரம் கழுவி, அவளோடு நானும் போய் மறுபடி எடுத்தேன். அதே எண். ஐந்து மணித்தியாலம், 31 மீற்றர்.

உச்சம் அதிகாலை 5 மணிக்கு, லீற்றருக்கு 14 மைக்ரோகிராம். அந்த நேரம் சித்தப்பாவும் சித்தியும் எழும்பிவிட்டார்கள். முற்றம் கழுவ வெள்ளை வாளியில் பிடித்த தண்ணீரை ரோர்ச் வெளிச்சத்தில் சித்தி சாய்த்துச் சாய்த்துப் பார்த்தா. சந்தேகமாக ஒரு பச்சை, இளம் வாழைக்குருத்தின் அடிப்பாகத்தில் இருக்குமே, அந்த அளவு. ஒன்றும் பேசாமல் வாளியைச் சித்தப்பாவுக்கு முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா.

ஒரே வளையி, இரண்டு வாசிப்பு

நேரத்தோடு சாயம் ஏறி இறங்கியதைக் காட்டும் வளைகோடுதான் வளையி. தங்கச்சி இரண்டு வளையியையும் ஒரே வரைபுத் தாளில் கீறினாள். சித்தப்பாவின் கிணறு ஊசி மாதிரி ஏறி இறங்கியது. தோட்டக் கிணறு தட்டையான மேடு. இதில் எது மோசம் என்று கேட்டாள். நியாயமான கேள்வி, பதில் யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது.

செறிவை இறைத்த தண்ணீரால் பெருக்கிக் கூட்டினால் எவ்வளவு சாயம் திரும்பி வந்தது என்று வரும். தோட்டக் கிணற்றில் ஒரு கிழமைச் சராசரி 1.2 மைக்ரோகிராம், 350 கன மீற்றர், ஆக 420 மில்லிகிராம். போட்டதில் நூற்றுக்கு எட்டுக்கு மேல். சித்தப்பாவின் வீட்டுப் பம்மால் ஆறு நாளில் வெளியே வந்தது 50 மில்லிகிராம், நூற்றுக்கு ஒன்று. உச்ச நேரத்தில் கிணற்றுக்குள் நின்றதையும் எண்ணினால் நூற்றுக்கு ஐந்து. மிச்சம் கிணற்றைத் தொட்டும் தொடாமலும் வெடிப்போடு அப்பால் போயிருக்கிறது.

நான் தொழிலில் பழகிய கண்ணுக்குத் தோட்டக் கிணறுதான் கவலை. புவிவெப்ப வயலில் முதல் துளி சீக்கிரம் வருவது மட்டும் பெரிய விஷயமல்ல. ஆறிய தண்ணீர் வருகிற வழியெல்லாம் கல் அதற்குச் சூடு கொடுக்கும். ட்ரேசர் வந்து மாதங்கள், சில வேளை வருடங்கள் கழித்துத்தான் குளிர் வரும். வந்த பங்கு சிறிதென்றால் குளிர் தெரியாமலே போகலாம். ஆகவே நாங்கள் முதலில் கேட்பது: எவ்வளவு? மேலதிகாரி ஒருவர் முதல் துளியைக் கண்டு பதறினால் வளையியின் கீழே இருக்கிற பரப்பைப் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது.

இங்கே அந்தப் பழக்கம் என்னைப் பிழையான பக்கம் இழுத்தது. கல் தண்ணீருக்குச் சூடு கொடுக்கும், ஆனால் கிருமியை எடுத்துக்கொள்ளாது. அரிக்கப்பட்ட சுண்ணாம்புக்கல் வெடிப்பு ஒரு குழாய். கிருமியை நிலத்துக்குள் கொல்வது பெரும்பாலும் காலம். ஜெர்மனியில் குடிநீர்க் கிணற்றைச் சுற்றிக் காவல் வட்டம் போடும்போது மீற்றரில் தொடங்குவதில்லை, தண்ணீர் வந்து சேர 50 நாள் எடுக்கும் எல்லை எது என்று பார்த்து அதற்குள் கழிவு விடக்கூடாது என்கிறார்கள். சித்தப்பாவின் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 நாள் இல்லை, ஐந்து மணித்தியாலம். நூற்றுக்கு ஒன்று வந்தாலும் அது உயிரோடு வந்திருக்கிறது. தோட்டத்துக்கு 31 மணித்தியாலம், அதுவும் போதாது, என்றாலும் அவசரம் இங்கேதான். நான் ஒரு முழு இரவு எட்டு வீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடியத்தான் ஐந்து மணித்தியாலத்தின் அர்த்தம் உறைத்தது.

நைத்திரேற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த 68இல் குழியின் பங்கு எவ்வளவு என்று இந்தச் சோதனையில் இருந்து சொல்ல முடியாது. சுற்றிவர வெங்காயமும் புகையிலையும், யூரியா மூட்டை மூட்டையாகப் போகிறது. ஃபுளோரசீன் வழியைத்தான் காட்டும், அந்த வழியால் வேறு யார் என்ன அனுப்புகிறார்கள் என்று காட்டாது.

பிறகு

சித்தப்பாவின் குழியை இறைத்துத் திறந்தபோது அடியில் வெறும் பாறை. வடகிழக்கு மூலையில் கை நுழைகிற ஒரு வெடிப்பு. நாற்பது வருடத்துக்கு முன்னர் வெட்டியவர்கள் அதைக் கண்டு சந்தோஷப்பட்டிருப்பார்கள், குழி நிரம்பவே நிரம்பாது என்று. உண்மையில் அது ஒருநாளும் நிரம்பவில்லை. வெடிப்பைக் கொங்கிறீட்டால் அடைத்து, அடியும் சுவரும் பூசி இரண்டு அறைத் தொட்டி கட்டினார்கள். இனி அது நிரம்பும், வருடத்துக்கு ஒரு தரமாவது குழி இறைக்கிற பவுசரைக் கூப்பிடவேண்டும். சித்தப்பா இதைச் செலவென்றுதான் இன்னும் சொல்கிறார். அடுத்த மாரிக்குப் பிறகு தங்கச்சி தானாகவே பஞ்சு கட்டிப் பார்த்துப் படம் அனுப்பினாள். கிணற்றுப் பஞ்சு கிட்டத்தட்ட வெள்ளை. நைத்திரேற்று கொஞ்சம்தான் இறங்கியிருந்தது.

ஏன் முதலில் மாஸ்டர் மேல் சந்தேகம் வந்தது? அவர் மேல்மாடி கட்டிய வருடத்தில்தான் சித்தப்பா வீட்டிலும் பழைய குழிக்குக் குளியலறைத் தண்ணீரைத் திருப்பினார்கள். புதிய வொஷிங் மெஷின். ஓடுகிற தண்ணீர் கூடியதும் வெடிப்பு வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. சித்தி இதை என்னிடம் சொன்னபோது நான் விமானத்துக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் வீட்டுக்குச் சித்தப்பா போகவில்லை. நான் போய் இரண்டு வரைபையும் காட்டினேன். அவருடைய கிணற்றுப் பஞ்சின் நீலம் எங்கிருந்து வந்தது என்று முழுதாகப் பிரித்தறிய நாள் போதவில்லை. சித்தப்பாவின் சாயத்தில் கொஞ்சம் 20ஆவது மணித்தியாலத்தில் அவர் கிணற்றிலும் தெரிந்தது என்பதை மட்டும் சொன்னேன். அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே நெடுநேரம் வளையியைப் பார்த்தார். பிறகு தோட்டக் கிணற்று மேட்டில் விரலை வைத்து, "அப்ப இது என்ர" என்றார். ஓம் என்றேன். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். நான் வெளிக்கிட முதலே செருப்பைப் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

தோட்டக்கார அண்ணை என்னைப் பிறகு ஒழுங்கை முகப்பில் மறித்தார். மாஸ்டர் வந்து சொன்னதாகவும், குழியை மாற்றுகிறேன் என்றதாகவும் சொன்னார். அதற்கு மேல் அவருக்கு வேறு ஒன்று தெரியவேண்டும். "தம்பி, மாஸ்டரின்ர தண்ணி என்ர கிணத்துக்கு வருதெண்டா, என்ர யூரியா ஆற்ற கிணத்துக்குப் போகுது?"

மிச்சச் சாயம் 12 கிராம் இருந்தது. கறுப்புப் பொலித்தீனில் சுற்றி, தங்கச்சியின் வரைபுத் தாளோடு சேர்த்துச் சித்தப்பா வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.